படியிறங்கும் சேமியா

பாக்கெட்டின் மேல் ஒருத்தன் சிரிக்கிறான். வெள்ளைத் தொப்பி, முறுக்கின மீசை, விரல்களைக் குவித்து உதட்டில் ஒற்றி எனக்கு முத்தம் அனுப்புகிறான். சமையல்காரனாம். கையில் ஒரு சூட்டுத் தழும்பு இல்லை, நகக்கண்ணில் ஒரு மஞ்சள் கறை இல்லை, கன்னம் இரண்டும் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போகிற பிள்ளைக்கு மாதிரி மொழுமொழுவென்று இருக்கிறது, இவன் அடுப்புப் பக்கம் போனவனே இல்லை, போட்டோ எடுக்கிறவன் தொப்பியைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறான். பின்பக்கம் திருப்பினால் என்னென்னவோ பாஷையில் எழுத்து ஊர்கிறது, ஒரு பாஷையிலாவது உப்பு எவ்வளவு என்று இருக்கிறதா, இல்லை, தேவைக்கேற்ப உப்பு. யாருடைய தேவைக்கு? உப்பின் அளவு சொல்லத் துப்பில்லாதவன் எல்லாம் பாக்கெட் போட வந்துவிட்டான். “என்ன பூபாலராயரே, தண்ணி கொதிச்சிற்றா, இல்ல தண்ணி கோரவே இனிமத்தான் போகணுமா?” இது அறைக்குள்ளிருந்து. எமரென்சியா, என் பெண்டாட்டி. ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்கிற கனத்தில் கட்டிலில் கிடக்கிறாள், வாய் மட்டும் பழைய எடை குறையவில்லை. வயிற்றுக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து கட்டியின் வேரைத் தின்கிறதோ இல்லையோ, அவள் நாக்கைத் தின்றுவிட்டது. எதை வாயில் வைத்தாலும் துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு என்கிறாள். இட்லி ஆணி, ரொட்டி ஆணி, இளநீர் ஆணி. டாக்டர் ஒருத்தன், நேற்றுப் பால்பல் விழுந்தவன் மாதிரி முகம், கழுத்தில் குழாயை மாலையாகப் போட்டுக்கொண்டு, “பாட்டி வாயால எடுத்துக்கலைன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டு ஃபீட் பண்ணிரலாம்” என்று சொல்லிவிட்டான், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிற மாதிரி. இன்று மத்தியானம் மகள் வினோலியா காரோடு வருகிறாள், கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு. எமரென்சியாவின் அண்ணனுக்கும் அப்படித்தான் மூக்கில் குழாய் போனது. குழாய் வெளியே வந்தது. அவர் வரவில்லை. இதை அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “இத்தன வருசமா வாயாலயே ஆக்கிக்கிட்டிருக்கீரே, அந்த இத்தாலிச் சேமியா, அத ஒரு நாளு கையால ஆக்கிக் காட்டும். அதாவது எறங்குதான்னு பாப்போம்.”

சேமியா என்கிறாள். ஸ்பகெட்டி என்று சொல்ல அவளுக்கு வராதா, வரும், திருச்சபைப் பாட்டில் லத்தீனையே கடித்துத் துப்பினவள், சொல்லமாட்டாள். சொன்னால் என்னை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தண்ணீர் கொதிக்கிறது. உப்பு. கல்லுப்பு ஒரு கை. இன்னொரு கை. கடல் மாதிரி கரிக்க வேண்டும் என்று இத்தாலிக்காரி அசுந்தா சொல்லுவாள். இந்த ஊரில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் உப்பளம் கண்ணைக் கூசுகிறது, லாரி லாரியாக உப்பு போகிறது, தேசமே நம்ம தூத்துக்குடி உப்பைத் தின்றுவிட்டுத்தான் நாக்கைச் சப்புகிறது, என் பெண்டாட்டிக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி. ப்ரெஷர் இருக்காம். மாடி வீட்டு ஜெசிந்தா டீச்சர் அந்த ஓட்ஸை ஆக்கிக்கொண்டுவந்து, “உப்பே சேக்கல அங்கிள், ஹெல்த்தி” என்று என்னமோ பதக்கம் கொடுக்கிற மாதிரி நீட்டுகிறது. ரிட்டையர் ஆனாலும் சாக்குக்கட்டி வாசனை போகாத கை. ஆள் சாகிறதுக்குள் பரீட்சையில் பாஸ் பண்ணவைத்துவிட வேண்டும் அதற்கு. இன்னும் அரைக்கை உப்பு போட்டேன், டீச்சருக்காக. இப்போது இழை. குச்சி குச்சியாக நிற்கிறது, பானைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு. ஒடிச்சுப் போடுங்க அங்கிள், என்றது டீச்சர் காலையில். ஒடிப்பதா? அசுந்தா வீட்டில் ஒடித்தால் கன்னத்தில் அறை விழும். அவள் வீடு ஜெனோவாவில் மலைச்சரிவில் இருக்கிறது, வாசலிலிருந்து துறைமுகம் வரைக்கும் படிக்கட்டுதான், தெரு என்று ஒன்று கிடையாது. அவள் மாவைப் பிசைந்து ஒரே இழையாக இழுப்பாள், அறுக்கமாட்டாள், அறுத்தால் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும். இழை ஜன்னல் வழியே வெளியே போகும், படியிறங்கும். முதல் திருப்பத்தில் ஒரு நாவிதர் கடை, சவரம் பாதியில் நிற்க எழுந்து வழிவிடுவார். இரண்டாம் திருப்பத்தில் ஒரு பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுவார். மூன்றாம் திருப்பத்தில். மூன்றாம் திருப்பத்துக்கு நான் போனதே இல்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து எமரென்சியா கதையை அங்கேதான் அறுக்கிறாள். “படியெறங்குனது போதும், மீன் வாங்க எறங்கும்.” விருந்தாளி இருந்தாலும் அறுப்பாள், பங்குச் சாமியார் இருந்தாலும் அறுப்பாள். டீக்கடையில் சொன்னாலும் மூன்றாம் திருப்பம் வந்ததும் எனக்கே நாக்கு நின்றுவிடுகிறது, அவள் குரல் எங்கிருந்தோ வந்துவிடும் என்று. கேட்கிறவன்களும் அதுக்கு மேல் கேட்பதில்லை. ஒரு இழை தெருவில் இறங்குகிறது என்றால் நாய் தின்னாதா என்று கேட்கிற அளவுக்குக்கூட ஒருத்தனுக்கும் மண்டை இல்லை. இந்த ஊரில் பொய் சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

போன் கத்துகிறது. வினோலியா. “அப்பா, வீடியோ அனுப்பிருக்கேன் பாத்தீங்களா? ஒயிட் சாஸ் செய்ங்க, காரமில்லாம அம்மாவுக்கு நல்லா எறங்கும்.” பார்த்தேன். தாடி வைத்த ஒரு பயல், சட்டை பித்தானைப் பாதி போடாமல், ஹாய் மக்களே என்கிறான், மக்கள் யாரு உனக்கு, ஒரு கரண்டி வெண்ணெய் போட்டு ஒரு கரண்டி மைதா போட்டுப் பாலை ஊற்றிவிட்டு, கடலைத் தாண்டினவன் மாதிரி மூச்சு வாங்குகிறான். செய்தேன். மகள் சொன்னதற்காகச் செய்தேன். வெண்ணெய் உருகியது, மைதா விழுந்தது, பாலை ஊற்றினதும் ஒன்றையொன்று பிடிக்காத சம்பந்திகள் மாதிரி தனித்தனியாக உட்கார்ந்துகொண்டன. கிண்டினேன். இறுகியது. இன்னும் பால். இளகினது, கட்டி கட்டியாக மிதந்தது, ஒவ்வொரு கட்டியும் என்னைப் பார்த்தது. எலெக்சன் நேரத்தில் சுவரில் போஸ்டர் ஒட்ட வாளியில் கொண்டுவருவான்கள், அதே நிறம், அதே வாசனை, வாளிப் பசையிலாவது கொஞ்சம் துத்தம் போட்டிருப்பான்கள், பூச்சி வராமலிருக்க. இதில் அந்த மரியாதையும் இல்லை. மிளகைத் தட்டிப் போட்டு ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு போனேன். தலையணையை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினால் முதுகெலும்பு மணிமணியாக என் கையில் தட்டுப்படுகிறது, ஜெபமாலை மாதிரி, நான் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டேன். நாக்கு நுனியால் தொட்டாள். கண்ணை மூடி யோசித்தாள். “ஆணி,” என்றாள். “ஆணி அடிச்சு, மேல போஸ்டரும் ஒட்டிட்டீரு.” நான் நினைத்ததையே சொல்லுகிறாள். இது ஒரு கேடு, ஒரே கூரைக்குக் கீழே இத்தனை காலம் கிடந்தால் எச்சில் மட்டும் இல்லை, ஏளனமும் ஒன்றாகிவிடுகிறது. “இதத்தான் அந்த இத்தாலித் தடிச்சி ஆக்கிப் போட்டாளாக்கும்?” “அவ இதத் தொடமாட்டா. இது ஒன் மக அனுப்புன ஐட்டம்.” “ஏன், ஒமக்கு மக இல்லையோ?” கரண்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். முழுச் சட்டியையும் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன், போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

ஜன்னல் பக்கம் காக்கா. வெளியே துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒன்று அந்தரத்தில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது, இறக்குகிறதா ஏற்றுகிறதா தெரியவில்லை. அறையில் சத்தமில்லை. தூங்குகிறாளோ. தூங்கட்டும். தூங்கினால் நல்லதுதான். மூச்சு விட்டால் அந்தக் கட்டில் ஒரு முனகல் போடும், இடது கால் பலகை, போன வருஷமே சரிபண்ணச் சொன்னாள், நல்லவேளை பண்ணவில்லை. முனகல் வரவில்லை. டம்ளரை எடுத்துக் கீழே போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். எவர்சில்வர் டம்ளர் உருண்டு உருண்டு அடுப்படி முழுக்கச் சுற்றி வந்து கதவில் இடித்து நின்றது. “போடும், எல்லாத்தையும் போட்டு ஒடையும். எங்க அம்மை குடுத்தது.” அப்பாடா. எவர்சில்வரை உடைப்பதாம், அறிவு கெட்டவள். ஆஸ்பத்திரியில் ஏதோ மெஷின் வைத்து நெஞ்சுத் துடிப்பைக் காட்டுவான்கள், பச்சைக்கோடு, பீப் பீப் என்று, அதுக்கு ஒரு பில். எனக்கு டம்ளர் போதும். இந்த ஒரு மாதமாக இந்த வீட்டில் என்னென்ன கீழே விழுந்திருக்கிறது என்று சொன்னால் என்னைக் கை நடுக்கம் வந்த கிழவன் என்பான்கள், டீச்சர் ஏற்கனவே சொல்லிவிட்டது, அங்கிளையும் ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க வினோ என்று. காட்டட்டும். காட்டுகிற கையைக் கடிப்பேன்.

தக்காளி. கடையில் பெங்களூர்த் தக்காளி வைத்திருந்தான், ரப்பர் பந்து மாதிரி, கீழே போட்டால் துள்ளும், நான் நாட்டுத் தக்காளிதான் வாங்கினேன், கொஞ்சம் நசுங்கினது, கடைக்காரன் அதுக்கும் முகம் சுளித்தான், அவன் தலையில் வடிகிற எண்ணெய்க்கு நான் முகம் சுளித்தேனா. நல்லெண்ணெய் காய்கிறது. ஆலிவ் எண்ணெய் என்று ஒரு சின்னப் பாட்டில் வினோலியா வாங்கிவைத்திருக்கிறாள், குழந்தைக்குத் தேய்க்கிற அளவு, முகர்ந்தால் பச்சைப் புல்லை மென்ற மாடு ஏப்பம் விட்ட மாதிரி. பூண்டைத் தட்டிப் போட்டேன். சுருண்டது, ஓரம் சிவந்தது, அப்போது அந்த வாசனை எழுந்து வந்து, சனியன், என்னை நேராகக் கொண்டுபோய்க் கப்பலின் மேல்தட்டில் உட்கார்த்திவிட்டது. ஜெனோவாவில் கப்பல் நின்றது உண்மை. அதை ஒருத்தனும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. சரக்குக் கப்பல், நான் பண்டாரிக்கு எடுபிடி, பண்டாரி என்றால் கப்பலில் நம்ம ஆட்களுக்குச் சோறாக்குகிறவன், எங்கள் பண்டாரி குஞ்ஞாமு பருப்பைத் தவிர வேறு ஒன்றும் ஆக்கத் தெரியாமலே உலகத்தை வலம் வந்தவன். கரையிறங்க அடுப்படி ஆட்களுக்குச் சீட்டு வரவில்லை, அது வேறு விஷயம். மற்றவனெல்லாம் இறங்கினான், இறங்கி என்னத்தைக் கண்டான், சாராயக்கடையைக் கண்டான், வாந்தியெடுத்துக்கொண்டு ஏறினான். நான் தட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஊரைப் பார்த்தேன். வீட்டுக்கு மேல் வீடு, நடுவில் படிக்கட்டு, வெள்ளைக் கோடு மாதிரி. ஒரு ஜன்னலில் ஒருத்தி விரிப்பை உதறினாள். தடிச்சியா ஒல்லியா என்று அந்தத் தூரத்துக்குத் தெரியாது, ஆனால் உதறின தோளில் ஒரு கனம் இருந்தது, அந்தக் கனத்தை வைத்து மிச்சத்தை நான் கட்டிக்கொண்டேன். அப்போது காற்று திரும்பினது. பூண்டு. இதே பூண்டு. எண்ணெயில் தக்காளி விழுந்த சத்தம்கூடக் கேட்டது என்று சத்தியம் பண்ணுவேன், பைபிளைக் கொண்டுவா. அவள் பேர் அசுந்தா. வேறு என்ன பேர் இருக்க முடியும், அந்தத் தோளுக்கு.

தக்காளி விழுந்ததும் சடசடவென்று கையில் தெறித்தது, பார், இதுதான் தழும்பு, பாக்கெட்காரா. குழையவிட்டேன். மசாலா ஒன்றும் போடவில்லை, கறிவேப்பிலை டப்பா பக்கம் கை தானாகப் போனது, அடித்து இழுத்தேன். சிவப்பாகத் திரண்டு எண்ணெய் பிரிந்து நின்றபோது எனக்கே கொஞ்சம் திமிர் வந்தது. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன், அசுந்தாவே போகிற மாதிரி நடந்து. எமரென்சியா முகர்ந்தாள். இந்தத் தடவை நாக்கு நுனி இல்லை, கரண்டி முழுக்க வாயில் வாங்கினாள். தொண்டை ஏறியது, நின்றது. நானும் நின்றேன். கிண்ணத்திலேயே துப்பினாள். “இதுவும் ஆணிதான்,” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு, “ஆனா புது ஆணி. இன்னும் துரு பிடிக்கல.” சிரிக்க வேண்டும் என்று சொன்னாள். சிரித்தேன். பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னிடம் சொல்லாத மாதிரிச் சொன்னாள்: “அண்ணன் கடைசில கைய கட்டிப் போட்டிருந்தாங்க. கொழாயப் பிடுங்கிறக் கூடாதுன்னு.” எனக்கு ஒரு பதில் வேண்டும். பொய்யாக ஒன்று. வாயைத் திறந்தால் போதும், ஒரு திமிங்கிலம், ஒரு போப்பாண்டவர், எது கேட்டாலும் வந்து நிற்கும் இத்தனை காலமும், இப்போது வாய்க்குள் ஒன்றுமில்லை, எனக்கும் அந்த ஆணி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். சுவரில் பல்லி. பல்லிகூட எதையோ முழுங்குகிறது. எவ்வளவு நேரம் இருந்தேனோ, மூக்கில் ஆவி வாசனை ஏறி, ஐயோ பானை, என்று எழுந்து ஓடினேன்.

குழைந்துவிட்டது. குச்சியாக நின்றதெல்லாம் கடலில் ஊறின கயிறு மாதிரி பருத்துக் கொழகொழவென்று கிடக்கிறது. பல்லில் லேசாகத் தடுக்க வேண்டும் என்று சொல்லுவார்கள், இதில் பல் வைக்கவே வேலையில்லை, பல் இல்லாதவன் தின்கிற பதம். அசுந்தா பார்த்தால் என்னை மட்டும் இல்லை, நான் வந்த கப்பலையே முக்கிவிடுவாள். வடிகட்டும் சல்லடை எங்கே, சாயச் சல்லடைதான் இருக்கிறது, டீத்தூளோடு. தேட நேரமில்லை, இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் களி. மூடியை வைத்துக் கரித்துணியால் இரண்டு பக்கமும் பிடித்து, சருவச் சட்டி வாயில் பானையைச் சாய்த்தேன், சோறு வடிக்கிற மாதிரி, இந்த வீட்டில் தினமும் பார்த்த ஒரே வித்தை அதுதானே, நான் செய்தது இதுதான் முதல் தடவை. குபுகுபுவென்று விழுந்தது. பிறகு கோடாக. பிறகு சொட்டாக. ஆவி கண்ணில் அடித்தது. இத்தாலிக்காரனின் இழையைச் சோறு மாதிரி வடித்த முதல் மடையன் நானாகத்தான் இருப்பேன், பரவாயில்லை, ஒருத்தரும் பார்க்கவில்லை, வடித்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, என்று சட்டியைத் தூக்கினேன். “கொட்டாதயும்!” சட்டியை இறக்கி வைத்தேன். அந்தக் குரல் இன்று காலையில் இருந்த குரல் இல்லை, மீன்காரியைப் பாதித் தெருவில் திருப்பி அழைக்கிற குரல். “என்னத்த?” “கஞ்சிதான வடிக்கீரு? சத்தம் கேட்டுச்சு.” “அது கஞ்சி இல்லட்டி. இத்தாலித் தண்ணி. கீழ ஊத்துறது.” “கஞ்சிய எவனாவது கீழ ஊத்துவானா? கொண்டாரும்.”

ஒரு டம்ளரில், அதே டம்ளரில், மங்கலாக, தண்ணீரும் இல்லாமல் பாலும் இல்லாமல் ஒரு நிறம். கல்லுப்பு இரண்டரைக் கை. கொடுக்கலாமா, ப்ரெஷர், டீச்சர், டாக்டர், எல்லா முட்டாளும் வரிசையாக வந்து தலையை ஆட்டினார்கள். கொடுத்தேன். வாய் வைத்தாள். எடுக்கவில்லை. தொண்டை ஏறியது, நான் கிண்ணத்தை நீட்டினேன் துப்புவதற்கு, தொண்டை இறங்கியது. இன்னொரு வாய். டம்ளருக்கு மேல் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள். “உப்பு,” என்றாள். குற்றம் சொல்கிறாளா என்று தெரியவில்லை. “உப்பு தெரியுதுவே. ஆணி கெடக்கு ஒரு ஓரத்துல. மேல உப்பு தெரியுது.” பிறகு அவள் கேட்டதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது: “மேத்தட்டுல மாசிச் சம்பல் போத்தல் இருக்கும். நான் இடிச்சது. அதுல ஒரு கரண்டி. ரெண்டு உள்ளியும் உரிச்சுட்டு வாரும். அந்தச் சேமியாவையும் இதுலயே போட்டுரும்.” மாசிக் கருவாட்டை, தேங்காயும் வத்தலும் சேர்த்து இடித்த அந்தச் செம்மண் நிறத் தூளை, ஜெனோவாவின் இழை மேல். பழைய சோற்றுக்குப் போடுவதை. நான் அந்த ஊருக்காக இத்தனை காலம் வாய் கிழியப் பேசி, ஒருத்தன் கத்தியெடுத்தாலும் விட்டுக்கொடுக்காமல் காத்து வைத்திருந்தால், இவள் அதைக் கஞ்சியில் முக்கி, கருவாட்டைத் தூவி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு தின்னப் போகிறாள். நாகரிகம் இல்லாத குடும்பம், அவள் அப்பன் கேக்கையே டீயில் தொட்டுத் தின்றவன். போத்தலை எடுத்தேன். உடம்புக்கு வருவதற்கு முன்னால் அவள் இடித்தது, பாதிக்கு மேல் இருக்கிறது, நான் தொடவே இல்லை, தொட்டால் குறையும் என்பதால். உரித்தேன். உள்ளி கண்ணைக் கரித்தது, உள்ளிதான்.

கையால் அள்ளினாள். கரண்டியைத் தள்ளிவிட்டாள். ஒரு இழை. வாயில் போனது, மென்றாள், மெல்லவே தேவையில்லை, இறங்கிவிட்டது. அடுத்தது. பிறகு நிறுத்திக்கொண்டு, கையைக் கிண்ணத்திலேயே வைத்தபடி மூச்சு வாங்கினாள், போதும் என்று தள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கை விரிகிற விதம் எனக்குத் தெரியும். “அந்தத் தடிச்சி இப்படித்தான் ஆக்குனாளா?” என்றாள். “இதேதான்,” என்றேன். “கருவாடு போட்டா?” “அவங்க ஊரு கருவாடு. சின்ன மீனு.” “அவ பேரு என்ன சொன்னீரு, போன தடவ கார்மெலான்னுல்லா சொன்னீரு?” “அசுந்தா. கார்மெலா அவ தங்கச்சி.” தங்கச்சி இப்போதுதான் பிறந்தாள். “ம். அந்தச் சேமியா படியெறங்குமே. சொல்லும்.” நான் அவளைப் பார்த்தேன். கிண்டலா என்று பார்த்தேன். கை கிண்ணத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சொன்னேன். ஜன்னல், முதல் திருப்பம், பாதிச் சவரத்தோடு நாவிதர், இரண்டாம் திருப்பம், பாதிரியார், அங்கி, மூன்றாம் திருப்பத்தில், என்று சொல்லி நிறுத்தினேன், பழக்கம். அறுக்கவில்லை. ஒரு இழை உதட்டிலிருந்து கிண்ணம் வரைக்கும் தொங்குகிறது, பல்லால் கடித்து அறுக்கக்கூட இல்லை, உறிஞ்சாமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். “பெறகு?” என்றாள், இழை ஆடியது. பெறகு. பெறகு என்ன. மூன்றாம் திருப்பத்தில் ஒன்றும் இல்லை, வெறும் படி, வெறும் சுவர், நான் போனதே இல்லை அங்கே. கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கிப் போட்டேன். “மூணாந் திருப்பத்துல ஒரு டீச்சரு நிக்கா. கையில ஒரு வாளிப் பச. சேமியாவ ஒடிச்சுப் போடுங்கன்னு கத்துதா. இழை அவள ரெண்டு சுத்துச் சுத்தி, வாளியோட சேத்துச் சுவத்துல ஒட்டிட்டுப் போவுது.” உறிஞ்சினாள். “ஜெசிந்தாவா?” “பேரு கேக்கல.” “பெறகு?” “நாலாந் திருப்பத்துல தொப்பி போட்ட ஒருத்தன், மீசக்காரன், முத்தங் குடுத்துக்கிட்டே நிக்கான். சேமியா அவன் மீசையப் பிடிச்சு ஏறி மறுபக்கம் எறங்குது.” அடுத்த இழை. “அஞ்சுல ஒரு சின்ன டாக்டரு. கழுத்துல கொழாயி.” அவள் நிறுத்தினாள். நானும் நிறுத்தியிருக்க வேண்டும். “அவன் கொழாயும் இதுவும் சிக்கிக்கிட்டு. எது எது கொழாயி, எது எது சேமியான்னு தெரியல. இழுக்கான், வரல. கடிச்சுப் பாக்கான்.” சிரிப்பு அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது, இருமினாள், முகம் நீலமாகப் போனது, நான் முதுகைப் பிடித்தேன், மணிமணியாக, போச்சு, இந்த வாயால் கொன்றேன், இந்த நாற வாயால், இருமல் உடைந்தது, கஞ்சியை வாங்கிக் குடித்தாள், ஏப்பம் விட்டாள். ஏப்பம். மாசி வாசனையோடு. இவ்வளவு அசிங்கமான சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். வினோலியா, தோளில் ஆஸ்பத்திரிப் பை. “கெளம்பலாமாப்பா? டாக்டர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. கட்டில்ல என்னது, ஐயோ இது என்ன நாத்தம், அம்மாவுக்கு என்னத்தக் குடுக்கீங்க?” எமரென்சியா மகளைப் பார்க்கவே இல்லை. மாசி அப்பின கையைத் தூக்கி, பொறு, என்று காட்டினாள், பூசையில் மணியடித்ததும் பிள்ளைகளை அடக்குகிற மாதிரி. கிண்ணத்தில் இன்னும் பாதி கிடக்கிறது, பருத்து, குழைந்து, வெட்கம் கெட்டு. என்னைப் பார்த்து அடுத்த இழைக்கு வாயைத் திறந்தாள். “அப்பா,” என்றாள் வினோலியா, “எப்ப முடியும்?” துறைமுகம் எந்தத் திருப்பத்தில் வரும் என்று இவளுக்கு யார் சொல்லுவது. “பையக் கீழ வச்சுட்டு உக்காரு,” என்றேன். “இன்னும் படி கெடக்கு.”